காரணம்: ஒரு சொல் மட்டும்

லம்ஜெத் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். முகம் கழுவினான். அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்டான். முந்தின நாள் ரொட்டியை ஆலிவ் எண்ணெயில் தோய்த்துத் தின்றான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். கேஸ் சிலிண்டரின் திருகை மூடினான். கோட்டு மாட்டினான். கதவைப் பூட்டினான். பூட்டிய கதவைத் திறந்து உள்ளே போய், திருகு மூடியிருக்கிறதா என்று பார்த்தான். மூடியிருந்தது. மறுபடி பூட்டினான். ஐந்து மாதமாக எல்லாக் காலையும் இப்படித்தான்.

வேலையிடம் எல் கெஃப் ஊரைத் தாண்டி மேற்கே, மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம். அவன் வேதியியல் பட்டதாரி. தேசியத் தொல்பாறை ஆணையத்தில் காவலாளி. அந்த ஆணையத்தில் காவலாளி வேலைக்குப் பட்டம் கட்டாயம். இயக்குநர் வேலைக்கு அப்படி ஒரு நிபந்தனையும் கிடையாது.

அவன் காவலில் இருந்தது ஒரே ஒரு கோடு. ஓடையோரம் சாம்பல் நிறக் களிமண் சரிவு. அதன் குறுக்கே துருவின் நிறத்தில் இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கோடு. வயது ஆறு கோடியே அறுபது லட்சம் ஆண்டு. கோட்டுக்குக் கீழே உள்ள மண்ணில் பழைய கடலின் நுண்ணுயிர்கள் ஓடு ஓடாகக் குவிந்து கிடக்கின்றன. கோட்டுக்கு மேலே அநேகமாக ஒன்றுமில்லை. உலகத்தின் மறுகோடியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அதன் முன் மண்டியிட்டு, சுரண்டி, சின்னப் பைகளில் போட்டுக்கொண்டு போவார்கள். உள்ளூர் ஆடுகள் மண்டியிடாமல் கடந்து போகும்.

தினமும் காலையில் அவன் கோட்டின் மேல் விரலை வைப்பான். பிறகு பதிவேட்டில் தேதி போட்டு "உள்ளது" என்று எழுதுவான். நவம்பர் மாதத்தில் மூன்று நாள் மட்டும் எழுதவில்லை. அது அவன் மனைவி எம்னாவை அடக்கம் செய்த வாரம். ஆணையத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அந்த மூன்று நாளும் கோடு இருந்ததற்கு ஆதாரம் இல்லையாம். நான்காம் நாளும் இருந்தது என்று அவன் பதில் எழுதினான். அது ஆதாரமாகாது, திரும்பி வந்திருக்கலாம் என்று மறு கடிதம் வந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. சரிவுக்கு மேலே மஞ்சள் நிறத்தில் ஒரு மண்வெட்டி இயந்திரம் நின்றது. அதன் நிழலில் ஹம்மா உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். ஹம்மா செங்கல் சூளைக்காரரின் ஓட்டுநர்; லம்ஜெத்தோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

"இது எதுக்கு இங்க?" என்றான் லம்ஜெத்.

"கோவப்படாதடா. மொதலாளிக்குக் களிமண் லைசென்ஸ் வந்துருச்சு. இந்தச் சரிவு மொத்தமும். வியாழக்கிழமை பன்னெண்டு மணிக்குத் தொடங்கணும், ஆறு லாரி ஏத்தணும். தாள்ல போட்டிருக்கு."

"இது பாதுகாக்கப்பட்ட இடம்."

"பலகை எங்க?"

லம்ஜெத் வெறும் சரிவைத் திரும்பிப் பார்த்தான்.

"பலகை இருந்தா சுத்தி நூறு மீட்டருக்கு நான் சக்கரம் வைக்கக் கூடாது. சட்டம் எனக்கும் தெரியும். பலகை இல்லன்னா இது வெறும் மண்ணு. நீயும் வெறும் மண்ணைத்தான் காவ காக்குற." ஆரஞ்சில் பாதியை நீட்டினான். "போய் ஒரு பலகை வாங்கிட்டு வா. நான் எங்கயும் போகல."

*

ஆணையத்தின் கெஃப் கிளைக்கு இயக்குநர் ஷெத்லி. மரியாதைக்கு "சி ஷெத்லி" என்று கூப்பிட வேண்டும். வெறும் பெயரைச் சொன்னால் அவருக்குக் காது கேட்காது.

"பலகையா?" என்றார் சி ஷெத்லி. "பலகை ரெண்டு வருஷமா தயாரா இருக்கே. கம்பம் இருக்கு, தகடு இருக்கு, நாலு போல்ட்டு இருக்கு. எழுத்துதான் இல்ல."

"எம்னா எழுதிக் குடுத்தாளே, சி ஷெத்லி."

"குடுத்தா. அல்லாஹ் அவளுக்கு ரஹ்மத் செய்யட்டும்." இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். லம்ஜெத்துக்கு அந்தக் கையெழுத்து தெரியும். எம்னா உயர்நிலைப் பள்ளியில் இயற்கை அறிவியல் ஆசிரியை. பலகைக்கு வாசகம் வேண்டும் என்று ஆணையம் கேட்டபோது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் ஒன்பது வாக்கியம் எழுதினாள்:

*இந்தச் செந்நிறக் கோட்டுக்குக் கீழே இருந்த கடலில் உயிர்கள் நிறைந்திருந்தன. கோட்டுக்கு மேலே பெரும்பாலானவை இல்லை. இந்தியாவின் மேற்கில் எரிமலைகள் நெடுங்காலம் நெருப்புக் குழம்பையும் வாயுக்களையும் கக்கின. காற்று சூடானது, பிறகு குளிர்ந்தது. அப்போது மெக்சிகோ கரையில் வானிலிருந்து ஒரு பாறை விழுந்தது. தூசியும் புகையும் சூரியனை மறைத்தன. இலைகளால் உணவு செய்ய முடியவில்லை. கடலின் மேற்பரப்பு புளித்தது. ஒன்றை ஒன்று தின்று வாழ்ந்த சங்கிலி கண்ணி கண்ணியாக அறுந்தது.*

"நல்லா எழுதியிருக்கா, இல்லன்னு சொல்லல," என்றார் சி ஷெத்லி. "ஆனா ஒரு சாவுக்கு அஞ்சு காரணமா? காரணம்னா ஒண்ணு இருக்கணும். ஒண்ணுக்கு மேல போனா அது புகார். இதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"வியாழக்கிழமை பன்னெண்டு மணிக்கு மெஷின் எறங்குது."

"தெரியும். லைசென்ஸ் தாளுக்கும் என் வழியாத்தான் முத்திரை போச்சு."

லம்ஜெத் அவரைப் பார்த்தான்.

"என்னை ஏன்டா அப்படிப் பார்க்கிற? அந்தத் தாள்ல காரணம்னு ஒரு கட்டமே இல்ல. அதனால தடை சொல்ல இடமில்ல, அனுப்பிட்டேன்." சி ஷெத்லி நாற்காலியில் சாய்ந்தார். "இருபத்தெட்டு வருஷமா இந்த நாற்காலில இருக்கேன். இதுவரைக்கும் ஒரு முடிவு எடுத்ததில்ல. அதனாலதான் ஒரு தப்பும் நடக்கல. நாளைக்குக் காலைல தலைநகர்ல காரண நிர்ணயக் குழு கூடுது. தாளோட போ. அவங்க ஒரே ஒரு காரணம் சொல்லட்டும், நான் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விழாவே வைக்கிறேன். கூடாரம் போடச் சொல்லியாச்சு."

"காரணம் முடிவாகறதுக்கு முன்னாடியேவா?"

"கூடாரத்துக்குக் காரணம் தேவையில்லையே."

*

புதன்கிழமை ஐந்து மணிக்கே அடுப்பை மூடி, பூட்டி, திறந்து, பார்த்து, பூட்டிவிட்டுப் பங்கு டாக்சியில் தலைநகர் தூனிஸ் போனான். குழு பத்து மணிக்குக் கூட வேண்டும். பதினொன்றரைக்குக் கூடியது. நீள மேசை. ஏழு பேர். தலைவர் பிஸ்தா உரித்துக்கொண்டிருந்தார். லம்ஜெத்துக்கு நாற்காலி இல்லை, ஜன்னலோரம் நின்றான். கெஃபுக்குப் போகும் வண்டி ஒன்றரைக்கு. நகராட்சி ஐந்து மணிக்கு மூடும். அவன் கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

செயலாளர் ஒன்பது வாக்கியத்தையும் வாசித்தார். வாசித்து முடித்ததும் யாரும் பேசவில்லை. துக்க வீட்டு மௌனம் என்று லம்ஜெத் நினைத்தான். அப்படி இல்லை. யார் முதலில் அடிப்பது என்பதில்தான் தயக்கம்.

"இந்தியான்னு ஏன் பேர் சொல்லணும்?" என்றார் வெளியுறவுத் துறைக்காரர். "நம்ம உரத்தை வாங்குற நாடு. எரிமலையை அவங்க வேணும்னு செஞ்ச மாதிரி இருக்கு வாசகம். மெக்சிகோவும் வேண்டாம். அவங்க நமக்கு ஒரு கெடுதலும் பண்ணல."

இரண்டு பெயரும் அடிக்கப்பட்டன.

"வானிலிருந்து பாறை விழுந்ததுன்னா," என்றார் பாதுகாப்புத் துறைக்காரர், "வான்பரப்பை அப்ப யார் பார்த்துக்கிட்டிருந்தாங்கன்னு கேள்வி வரும்."

"அப்ப நாடே இல்லீங்க," என்றான் லம்ஜெத்.

"அதைத்தான் சொல்றேன் தம்பி. நாங்க இருக்கும்போது நடந்ததுக்கு விசாரணைக் கமிஷன் போட்டு ஆறப்போடலாம். நாங்க இல்லாதப்ப நடந்ததுக்கு எந்தக் கோப்பைக் காட்டுறது?"

பாறை அடிக்கப்பட்டது. பாறை போனதால் தூசிக்கும் புகைக்கும் ஆதாரம் இல்லை, அவையும் போயின.

தொழில் துறைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் மட்டும் உண்மையிலேயே பயந்திருந்தார். "வாயுவால காத்து சூடாச்சுன்னு அரசாங்கப் பலகைல எழுதலாமா? எங்க ஆலைகளும் வாயுதான் விடுது. பக்கத்துல குடியிருக்கிறவங்க படிக்காத ஜனங்களா இருந்தா பரவாயில்ல. நாமதான் பள்ளிக்கூடம் கட்டிக் குடுத்துட்டோமே."

"அந்தத் தப்பு எங்க துறையோடது இல்ல," என்றார் யாரோ.

வாயு போயிற்று, அதைக் கக்கிய எரிமலையும் போயிற்று. சூடு போயிற்று. குளிர் மட்டும் ஒரு நிமிடம் தனியாக நின்றது. சுற்றுலாத் துறை அம்மையார் அதையும் எடுத்துவிட்டார். கடல் புளித்ததைக் கேட்டு அவர் ஏற்கெனவே நெஞ்சில் கை வைத்திருந்தார். "கடல் புளிச்சிருச்சா? சீசன் தொடங்க ஆறு வாரம் இருக்கு!"

"அது இந்தக் கடல் இல்லீங்க," என்றான் லம்ஜெத். "அந்தக் கடல் இப்ப மலையா இருக்கு. ஆடு மேயுது."

"உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். டிக்கெட் வாங்குறவனுக்குத் தெரியுமா?"

இலைகளால் உணவு செய்ய முடியவில்லை என்ற வாக்கியம் வறட்சி அறிவிப்புப் போல இருக்கிறது, நிவாரணம் கேட்டு மனு வரும் என்றார் வேளாண்துறைக்காரர். தின்று வாழ்ந்த சங்கிலி அறுந்தது என்பதை உணவு வழங்கல் துறைக்காரர் படித்துக் காட்டவே மறுத்தார். "பேக்கரி வாசல்ல வரிசை தெருமுனை வரைக்கும் நிக்குது. இப்ப போய் இந்த வாக்கியமா?"

மணி பன்னிரண்டே முக்கால். ஒன்பதில் இரண்டு மிச்சம். தலைவர் பிஸ்தாத் தோலை ஒதுக்கி வைத்துவிட்டுத் தாளை வாங்கினார்.

"'உயிர்கள் நிறைந்திருந்தன', 'பெரும்பாலானவை இல்லை'. ரொம்ப அவநம்பிக்கையா இருக்கே. இந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்லையோ?"

"இறந்துட்டா," என்றான் லம்ஜெத்.

"அடடா." ஒரு பிஸ்தா உரிக்கும் நேரம் துக்கம் காத்தார். "நல்ல விதமா சொல்லலாமே. 'இங்கே கடல் இருந்தது. சில இன்னும் உள்ளன.' உண்மைதானே?"

எல்லோரும் உண்மைதான் என்றார்கள்.

"காரணம்?" என்றார் செயலாளர்.

"இயற்கை," என்றார் தலைவர். "யார் மனசையும் புண்படுத்தாத காரணம்தான் அறிவியல். தம்பி, பலகையை இன்னைக்கே அச்சடிச்சு அனுப்பிடுவாங்க. நீங்க படிவத்தை மட்டும் முத்திரையோட குடுத்துடுங்க."

"என்ன படிவம்?"

ஏழு பேரும் செயலாளரைப் பார்த்தார்கள். காரணத்தைப் பதிவு செய்யப் படிவம் வேண்டும். ஆணையத்தின் முந்நூற்றுப் பன்னிரண்டு படிவங்களில் ஒன்றிலும் காரணம் என்று ஒரு கட்டம் இல்லை. செயலாளர் விசாரித்துவிட்டு வந்தார். நாட்டிலேயே அந்தக் கட்டம் உள்ள படிவம் ஒன்றுதான் இருந்தது. நகராட்சியின் இறப்புப் பதிவுப் படிவம்.

*

நாலு முப்பத்தைந்துக்குக் கெஃப் நகராட்சியின் படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினான். பதிவாளர் நஸீஹா கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள். அவனைப் பார்த்ததும் கழற்றினாள்.

"மறுபடியும் யாரு?" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. நவம்பரில் எம்னாவின் இறப்பைப் பதிவு செய்தவள் அவள்தான்.

அவன் குழுவின் தீர்மானத்தை நீட்டினான். நஸீஹா படித்தாள். சிரிக்கவில்லை. முப்பது வருடம் இறப்புப் பதிவில் இருந்தவள். பேனாவைத் திறந்தாள்.

"இறந்தவர் பேரு?"

"பெரும்பாலான உயிர்கள்."

"தகப்பன் பேரு?"

"தெரியாது."

"தெரியாது. கடைசி முகவரி?"

"கடல்."

"தொழில்?"

யோசித்தான். "ஒண்ணை ஒண்ணு தின்னுக்கிட்டிருந்தாங்க."

"வியாபாரம்," என்று எழுதினாள். "இறந்த தேதி?"

அவன் சொன்னான். நஸீஹாவின் பேனா நின்றது.

"லம்ஜெத், சாவு நடந்து மூணு நாளைக்குள்ள சொல்லணும். தாண்டிட்டா கோர்ட்டு உத்தரவு வேணும். நீ ஆறு கோடி வருஷம் தாண்டி வந்திருக்க. எந்த நீதிபதிகிட்ட நான் அனுப்பட்டும்?"

மணி நாலு நாற்பத்தைந்து. அவன் கௌண்டரைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா. நாளைக்குப் பன்னெண்டு மணிக்குத் தோண்டிருவாங்க."

நஸீஹா அவன் விரல்களைப் பார்த்தாள். பிறகு படிவத்தைப் பார்த்தாள். "பொணத்தைக் கடைசியா யாரு பார்த்தது?"

"நான். நேத்துக் காலைல. தொட்டுப் பார்த்துப் பதிவேட்டுல எழுதினேன்."

"அப்ப கண்டெடுத்த தேதி நேத்து. எப்பச் செத்தாங்கன்னு தெரியாட்டி கண்டெடுத்த நாளைத்தான் போடுவோம்." எழுதினாள். அந்த வகையில், ஆவணப்படி, பூமியின் பெரும்பாலான உயிர்கள் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு எல் கெஃப் வட்டத்தில் இறந்தன. "ரெண்டு சாட்சி வேணும். இறந்தவரைத் தெரிஞ்சவங்களா இருக்கணும்."

ஒரு சாட்சி அவன். இன்னொருவருக்காகக் கீழே ஓடி எதிர்க் காப்பிக்கடைக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

"இறந்தவரை உங்களுக்குத் தெரியுமா, அம்மார் மாமா?" என்றாள் நஸீஹா.

"கெஃப்ல எனக்குத் தெரியாத ஆளா?" என்று காப்பிக்கடைக்காரர் கையெழுத்துப் போட்டார். "நல்ல மனுஷன். பாக்கி வைக்க மாட்டாரு."

கடைசிக் கட்டம் மிச்சம். சின்னக் கட்டம். காரணம், கீழே பொடி எழுத்தில், ஒரு சொல் மட்டும்.

லம்ஜெத் அந்தக் கட்டத்தை முன்பு எம்னாவின் படிவத்தில் பார்த்திருக்கிறான். வீட்டுச் சுவரில் ஈரம். பத்து நாள் இருமல். விடுப்புக்கு மாற்று ஆசிரியை இல்லை என்று பள்ளியில் சொன்னார்கள். எழுதிக் கொடுத்த மருந்து நாலு கடையில் இல்லை. ஐந்தாவது கடை மூடியிருந்தது. அன்று மழை. டாக்டர் அந்தக் கட்டத்தில் "இதயம்" என்று எழுதினார். எம்னா இருந்திருந்தால் வகுப்பில் சொல்வதைச் சொல்லியிருப்பாள்: "நின்னுபோனது முடிவு. எதனால நின்னுச்சுன்னு ஒவ்வொண்ணா பின்னாடி போய்ப் பாரு."

நஸீஹா "இயற்கை" என்று எழுதி முத்திரை குத்தினாள். மணி ஐந்தாக மூன்று நிமிடம். "என்னை மன்னிச்சிரு," என்றாள். அவன் தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தான்.

*

வியாழக்கிழமை அவன் ஒன்பது மணிக்கே போய்விட்டான். பலகை வந்திருந்தது. கம்பத்தில் போல்ட்டு போட்டு, குழி வெட்டி, சிமெண்டு ஊற்றி நட்டிருந்தார்கள். தார்ச்சாலை ஓரத்தில். கூடாரத்துக்குப் பக்கத்தில்.

சரிவுக்கும் அதற்கும் நடுவில் நானூறு மீட்டர் பார்லி வயல்.

"சி ஷெத்லி, பலகை அங்க இருக்கணும். கோட்டுகிட்ட."

"அங்க கார் போகாதேடா. மந்திரியோட ஆலோசகர் புது ஷூவோட வர்றாரு."

"நூறு மீட்டர் பலகைல இருந்துதான் கணக்கு. இங்க வெச்சா அந்தச் சரிவு வெளியே நிக்குது."

"இங்கயும் ஏதாவது இருக்கும்ல? பாதுகாக்கட்டும்."

இருந்தது. ஒரு வாய்க்கால் பாலமும், ஒரு கிலோமீட்டர்க் கல்லும், யாரோ வீசிவிட்டுப் போன டயரும். அவை மூன்றும் அன்று காலை முதல் தேசியப் பாரம்பரியம்.

பதினொன்றுக்கு ஆலோசகர் வரவில்லை. பதினொன்று இருபதுக்கு வந்தார். பாதாம் பலகாரமும் புதினாத் தேநீரும் கொடுத்தார்கள். பலகைக்கு முன்னால் ஒரு மரச்சட்டத்தில் பச்சைத் திரை தொங்கியது. எல்லோர் கையிலும் நிகழ்ச்சி நிரல் இருந்தது. முந்தின நாளே அச்சடித்த விழா அறிக்கையும் அதோடு சேர்த்துத் தைத்திருந்தது: "பலத்த கரவொலிக்கிடையே பலகை திறந்து வைக்கப்பட்டது."

பதினொன்று நாற்பதுக்கு ஆலோசகர் பேசத் தொடங்கினார். "இப்படி ஓர் அழிவு இனி நடக்காமல் பார்த்துக்கொள்ள இந்த அரசு உறுதி பூண்டுள்ளது," என்றார். "நடந்தாலும், முறையான அனுமதி பெற்றே நடக்கும்."

கை தட்டினார்கள். வயலுக்கு அப்பால் டீசல் இயந்திரம் ஒருமுறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. லம்ஜெத்துக்கு மட்டும் கேட்டது. ஹம்மா இயந்திரத்தைச் சூடேற்றுகிறான். பதினொன்று நாற்பத்தெட்டு.

அவன் திரைக்குப் பின்னால் போனான். கம்பத்தைப் பிடித்தான். அசைந்தது. ஆணையத்தின் சிமெண்டு, ஒரு பங்குக்குப் பதினைந்து பங்கு மணல். இன்னும் கொஞ்சம் ஆட்டினான். கையோடு வந்தது.

ஆணையத்தின் விழாக்களில் யாரும் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னால் இருப்பவர்கள் காவலாளிகள். பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு பார்லிக்குள் இறங்கினான். கம்பத்தின் அடியில் ஒட்டிய ஈரச் சிமெண்டு முதுகில் வழிந்தது. ஓடினான். விழுந்தான். தகடு முழங்காலைக் கிழித்தது. எழுந்து மறுபடி ஓடினான். பின்னால் ஒலிபெருக்கியில் குரல் மாறியது. சி ஷெத்லி மைக்கைப் பிடித்துவிட்டார். முன்னால் மஞ்சள் கை மேலே உயர்ந்துகொண்டிருந்தது.

ஓடையைத் தாண்டும்போது மணி தெரியவில்லை. ஹம்மாவுக்குத் தெரிந்திருந்தது. இயந்திரத்தின் வாளி சரிவின் நெற்றிக்கு மேல் விரிந்து இறங்கியது. லம்ஜெத் கோட்டுக்கு முன்னால் கம்பத்தை ஊன்றி, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். வாளியின் பற்கள் தலைக்கு மேல் ஒரு கை தூரத்தில் நின்றன. மண் உதிர்ந்து கண்ணில் விழுந்தது.

"தள்ளு!" என்று கத்தினான் ஹம்மா.

"பலகை!"

"நடணும்டா! சட்டத்துல நட்டிருக்கணும்னு இருக்கு! நீ புடிச்சுக்கிட்டு நிக்கிற!"

"நான்தான் நட்டிருக்கேன்! என்னோட சேர்த்து நட்டிருக்கு!"

இயந்திரம் உறுமியபடி இருந்தது. ஹம்மா கைப்பேசியைப் பார்த்தான். சரிவைப் பார்த்தான். லம்ஜெத்தின் முழங்காலிலிருந்து காலணிக்குள் இறங்கும் ரத்தத்தைப் பார்த்தான். சாவியைத் திருப்பினான்.

திடீரென்று காற்றில் பார்லி உரசும் சத்தம் மட்டும் இருந்தது.

ஹம்மா இறங்கி வந்தான். ஓடையிலிருந்து கல் பொறுக்கி வந்து கம்பத்தின் அடியில் அடுக்கினான். ஐந்தாறு நடை நடந்தான். மிதித்து இறுக்கினான். கம்பத்தை ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. பிறகு எட்டி நின்று படித்தான்.

"'இங்கே கடல் இருந்தது. சில இன்னும் உள்ளன. காரணம்: இயற்கை.' சில இன்னும் உள்ளனன்னா யாரு?"

லம்ஜெத் முகவாயால் கூடாரத்தைக் காட்டினான்.

ஹம்மா சிரித்தான். சிரித்துக்கொண்டே முதலாளிக்குப் போன் போட்டான். "மொதலாளி, பலகை நிக்குது. இல்ல, என் கண்ணு முன்னாடிதான். முத்திரை இருக்கு. நூறு மீட்டர். நான் வண்டியைத் திருப்புறேன், நீங்க ஆபீஸ்ல பேசிக்கங்க."

ஒலிபெருக்கியில் சி ஷெத்லியின் குரல் வயலைத் தாண்டி வந்தது. அழுகிற மாதிரி இருந்தது. "...நம் சகோதரி எம்னா. இந்த வாசகத்தின் ஒவ்வொரு சொல்லும் அவருடையது. மரணப் படுக்கையில், என் கையைப் பற்றிக்கொண்டு, அவர் கடைசியாகச் சொன்னது என்ன தெரியுமா? 'சி ஷெத்லி, இந்தத் தாய்மண்ணை ஆணையத்திடம் ஒப்படைக்கிறேன்' என்றார்!"

திரையின் கயிறு இழுபட்டது. இங்கிருந்தே தெரிந்தது: பச்சைத் துணி விலகியது, மரச்சட்டத்துக்குள் ஒரு சதுர வானம். யாராவது முதலில் சொல்ல வேண்டும். யாரும் சொல்லவில்லை. நிரலைப் பார்த்தார்கள். பலத்த கரவொலி எழுந்தது.

ஹம்மா இயந்திரத்தின் படியில் உட்கார்ந்து ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான். புகையை விட்டான்.

"எம்னா நெசமாவே அப்படியா சொன்னா?"

"இல்ல. அவர் அங்க வரவே இல்ல."

"பின்ன என்ன சொன்னா?"

லம்ஜெத் களிமண்ணில் உட்கார்ந்தான். முதுகுக்குப் பின்னால் கோடு இருந்தது. பார்க்காமலே விரலை வைத்தான். இருந்தது.

இருமல் தொடங்கிய பன்னிரண்டாம் நாள், ஆஸ்பத்திரியில். மாலை ஐந்து மணி இருக்கும். அவன் வீட்டுக்குப் போய்ச் சூப்பு வைத்து, ஆறிவிடுமே என்று ஓடி வந்திருந்தான். எம்னா கண்ணைத் திறந்தாள். அவனை, தூக்குப் பாத்திரத்தை, மறுபடி அவனைப் பார்த்தாள். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறாள் என்று அவன் குனிந்தான். அவள் கேட்டாள். அவனுக்கு நினைவில்லை. யோசித்துப் பதில் சொல்வதற்குள் நர்ஸ் வந்து ஆக்சிஜன் முகமூடியைச் சரியாக வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எம்னா பேசவில்லை. இரண்டு விரலால் அந்த முகமூடியை ஒதுக்கி அவள் கேட்டது இவ்வளவுதான்:

"கேஸ மூடினியா?"